நெய்யாடிப்பட்டியில் திருப்பிக் கொடுத்த ஓட்டு

நெய்யாடிப்பட்டி பேரூராட்சியில் எந்தக் கட்சி ஜெயிக்கும்னு கேட்டா, கைக்குழந்தைகூட கை நீட்டிக் காட்டும். அதனால கட்சிப் பேரை நான் சொல்லத் தேவையில்லை. கட்சிக்குள்ளே சீட்டு யாருக்குங்கிறதுதான் அங்கே சண்டையே.

இருபத்திரண்டு வருசமா தலைவர் சீட்டு தவசிலிங்கத்துக்குத்தான். நல்ல மனுசன். கல்யாணத்துக்கு வருவார், கருமாதிக்கு வருவார். கீழத்தெருக் குழாயில மட்டும் தண்ணி வராது. பதினோரு வருசமா அது காத்தைத்தான் விட்டுக்கிட்டு இருந்தது.

இந்தத் தடவை கீழத்தெருவில் மாவு மில் வச்சிருக்கிற மரகதவல்லி, "சீட்டு எனக்கு வேணும், குழாயில தண்ணி வரணும்"னு கட்சி ஆபீஸ்லயே போய் நின்னுட்டா. மேலிடம் யோசிச்சுது. "உள்ளூர்க் கட்சிக்காரங்க எண்பத்தஞ்சு பேரும் ஓட்டுப் போடட்டும். யாருக்கு அதிகமோ அவங்களுக்குச் சீட்டு"ன்னு சொல்லிட்டு, மதுரையிலிருந்து ஒரு பார்வையாளரை அனுப்பி வச்சுது.

மரகதத்துக்கு வேலை பார்க்க நாலு பேர் வந்தாங்க. சடையாண்டி, ஒச்சப்பன், குருவன், வெள்ளையன். சம்பளம் கேட்கலை, சாராயம் கேட்கலை. சொன்னதைச் சொன்னபடி செய்வோம்னு மட்டும் சொன்னாங்க. அதைக் கேட்டு அவ சந்தோசப்பட்டா. பாவம்.

"இந்தாங்க பட்டியல். முதல் பேர்ல ஆரம்பிங்க. ஒரு வீடு விடக்கூடாது. அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் யார் வீட்டை விட்டும் எழுந்திரிக்கக் கூடாது" என்றாள்.

பட்டியலில் முதல் பேர் தவசிலிங்கம். உள்ளூர்க் கட்சிச் செயலாளரும் அவர்தானே, அவர் பேர்தான் முதல்ல இருக்கும். நாலு பேரும் நேரா அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாங்க.

"அண்ணே, உங்க ஓட்டு மரகதம் அக்காவுக்குப் போடணும்."

தவசிலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பார்த்தார். "ஏம்ப்பா, அந்தப் பொம்பளையை எதிர்த்து நிக்கிறதே நான்தான்."

"அது தெரியும்ணே. ஆனா பட்டியல்ல உங்க பேர் இருக்கே. உங்களைத் தாண்டிப் போனா அக்கா வையும்."

மூணு நாள் உட்கார்ந்திருந்தாங்க. வீட்டம்மா முதல் நாள் சோறு போட்டாங்க, ரெண்டாம் நாள் பழையது போட்டாங்க, மூணாம் நாள் புருசனைப் பார்த்த பார்வையில சோறே தேவைப்படலை. ஓட்டுக் கேட்கப் போகணும்னு தவசிலிங்கம் கிளம்பினாலும் விடலை. "சரின்னு சொல்லிட்டுப் போங்கண்ணே"ன்னு வாசலை மறிச்சாங்க. கடைசியில மனுசன் கையெடுத்துக் கும்பிட்டுட்டார்.

"சரிடா, போடுறேன். போய்த் தொலைங்க."

"கருப்பசாமி மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணிட்டார். அவருக்கு மேலிடத்துமேலகூடப் பயம் இல்லை. கருப்பன்மேல உண்டு.

இந்த மூணு நாள்ல மிச்ச வீட்டையெல்லாம் மரகதமே தனியா சுத்தி முடிச்சிருந்தா. அவ கணக்குக்கு, இந்த நாலு பேரையும் சேர்த்து நாற்பத்து நாலு ஓட்டு உறுதி. தவசிலிங்கத்துக்கு நாற்பத்தொண்ணு.

"ஒரு வீடு முடிஞ்சதுக்கா" என்று சடையாண்டி வந்து நின்னான்.

"எந்த வீடு?"

சொன்னான். அவ மில்லை நிறுத்திட்டு அவன் மூஞ்சியையே பார்த்தா. "சரி, நாளைக்கு வந்து உங்க ஓட்டையாவது போடுங்க. வேற எதுவும் செய்யாதீங்க."

மறுநாள் கல்யாண மண்டபத்தில் ஓட்டு. வாசல்ல டீயைக் குடிச்சுக்கிட்டே நாலு பேரும் பேசினாங்க. அங்கேதான் விவகாரம் ஆரம்பிச்சுது.

"தவசிலிங்கம் அண்ணன் நமக்கு ஒரு ஓட்டு செய்யிறாரு" என்றான் ஒச்சப்பன். "நாம அவருக்கு என்ன செய்யிறோம்?"

மூணு பேரும் டீக் கிளாசைக் கீழே வச்சாங்க. எங்க பக்கத்தில் செய்முறைன்னா அப்படி. ஒருத்தர் நம்ம வீட்டு விசேஷத்துக்கு வந்து செஞ்சா, அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம திருப்பிச் செய்யணும். செய்யலைன்னா தெருவில தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

"ஆமால்ல. அவருக்கும் இன்னைக்குத்தானே விசேஷம்" என்றான் குருவன்.

"ஒண்ணு திருப்பிப் போட்ருவோம்."

"ஒண்ணுக்கு ஒண்ணு செஞ்சா உறவை முறிச்ச மாதிரி. கூடத்தான் செய்யணும். நாலாச் செய்வோம்."

வெள்ளையனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அப்ப அக்காவுக்கு யாரு போடுறது?"

"அக்காவுக்குத்தான் அண்ணன் போடுறாரே."

வெள்ளையன் யோசிச்சுப் பார்த்தான். சரியாத்தான் இருந்தது.

"ஆனா ஓட்டுச் சீட்டை மடிச்சுப் பெட்டியில போட்டா, யார் செஞ்சதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? பேர் இல்லாம செய்யிறதும் சரி, செய்யாததும் சரி" என்றான் சடையாண்டி. அதனால நாலு பேரும் சீட்டில் தவசிலிங்கத்துக்குக் குறி போட்டு, கீழே விலாசத்தோட பேரும் எழுதிப் போட்டாங்க.

எண்ணும்போது வேட்பாளர் ரெண்டு பேரும் வெளியே நிக்கணும், அவங்க ஆளுங்க மட்டும் உள்ளே இருக்கலாம்னு பார்வையாளர் சொல்லிட்டார். மரகதம் சார்பா உள்ளே உட்கார்ந்தது யாருன்னு நான் சொல்ல வேண்டாம்.

பார்வையாளர் ஒவ்வொரு சீட்டாப் பிரிச்சார். நடுவில ஒண்ணைப் பிரிச்சவர் மூக்குக்கிட்ட கொண்டுபோய் வாசிச்சார். "கீழத்தெரு ஒச்சப்பன் குடும்பத்தார், தவசிலிங்கம் அண்ணனுக்கு அன்புடன் ஓட்டு ஒண்ணு."

ஒச்சப்பன் எழுந்து சபைக்குக் கும்பிடு போட்டான்.

"பேர் எழுதினா செல்லாதுப்பா" என்று அவர் அதைத் தூக்கி ஓரமாப் போட்டார். அடுத்தடுத்து மிச்ச மூணும் வந்தது. மூணும் ஓரத்துக்குப் போச்சு. நாலு பேர் முகமும் சுண்டிப் போச்சு.

எண்ணி முடிச்சா, தவசிலிங்கத்துக்கு நாற்பது. மரகதவல்லிக்கு நாற்பத்தொண்ணு. கருப்பசாமிக்குப் பயந்து அந்த மனுசன் நிஜமாவே அவளுக்குப் போட்டிருந்தார். அந்த ஒரு ஓட்டுல அவ ஜெயிச்சுட்டா.

பார்வையாளர் அறிவிக்க வாயைத் திறந்தார். சடையாண்டி எழுந்தான்.

"ஐயா, நிறுத்துங்க. நாங்க செஞ்ச நாலையும் தூக்கி ஓரமாப் போட்டுட்டீங்க. அவர் செஞ்ச ஒண்ணை மட்டும் நாங்க எந்த மூஞ்சியோட வச்சுக்கிறது?"

"அந்த ஒண்ணாலதானப்பா நீங்க ஜெயிச்சிருக்கீங்க."

"ஜெயிக்கிறது இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். எங்க செய்முறையை வேண்டாம்னவங்க செய்முறை எங்களுக்கு வேண்டாம். திருப்பிக் கொடுங்க."

"யோசிச்சுத்தான் பேசுறியா?"

"நாங்க நாலு பேரும் சேர்ந்து யோசிச்சோம்யா."

எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதி, நாலு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாங்க. முப்பது வருச அனுபவத்தில் அப்படி ஒரு மனுவை அவர் பார்த்ததில்லை. தவசிலிங்கத்தை உள்ளே கூப்பிட்டார். தவசிலிங்கம் எப்பவும் பச்சை மைப் பேனாதான் வச்சிருப்பார், அதனால சீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டம் இல்லை. வாங்கிக் கண்ணில ஒத்திக்கிட்டார். "கருப்பா, நான் சொன்ன சொல் காப்பாத்திட்டேன். அவங்கதான் வேண்டாங்கிறாங்க"ன்னு மேலே பார்த்துச் சொல்லிட்டு, பழைய குறியை அடிச்சுத் தன் பேருக்கு நேரே புதுசா ஒண்ணு போட்டார்.

இப்ப மரகதவல்லிக்கு நாற்பது, தவசிலிங்கத்துக்கு நாற்பத்தொண்ணு.

வெளியே வேப்பமரத்தடியில மரகதம் நின்னுக்கிட்டு இருந்தா. நாலு பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு வந்தாங்க.

"என்னாச்சுப்பா?"

"ஜெயிச்சோம்க்கா."

"நிஜமாவா?"

"ஆமாக்கா. ஆனா மரியாதை இல்லாத இடத்தில ஜெயிச்சு என்ன பிரயோசனம்? திருப்பிக் கொடுத்துட்டோம்."

மரகதம், "மிளகாய் அரைக்கக் கிடக்கு" என்று சொல்லிட்டு நடந்து போயிட்டா.

தவசிலிங்கம் மறுபடி தலைவரானார். ஆனாலும் ஒத்தை ஓட்டுல பிழைச்சது மனசுக்குள்ளே அரிச்சுக்கிட்டே இருந்திருக்கும் போல. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை, யார்கிட்டயும் சொல்லாம கீழத்தெருக் குழாய்க்குத் தண்ணியைத் திறந்து விடச் சொன்னார். குழாய் இருமுச்சு, செருமுச்சு, செங்காவியாக் கொஞ்சம் துப்புச்சு, அப்புறம் கண்ணாடி மாதிரி கொட்ட ஆரம்பிச்சுது.

அந்த நேரம் குழாயடியில நம்ம நாலு பேர்தான் இருந்தாங்க.

"தண்ணிடா" என்றான் குருவன்.

"யார் விட்டது?" என்றான் சடையாண்டி.

"தலைவர் விட்டதுதான்."

நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

சத்தம் கேட்டு மரகதம் குடத்தைத் தூக்கிக்கிட்டு, பின்னாடி தெருவே குடத்தோட வர, மூச்சு வாங்க ஓடி வந்தா. அதுக்குள்ளே அவங்க குழாயை இறுக்கி மூடி, குழாய்த் திருகைக் கழற்றித் துணியில துடைச்சு, வெத்தலை பாக்கோட தட்டில வச்சு, தவசிலிங்கம் வீட்டிலேயே கொண்டு போய்க் கொடுத்துட்டு வந்துட்டாங்க.