கரம்பை ஒட்டிய தலை

காக்கை வெளுப்பாக இருந்த காலமோ, கண்மாய் கடலாகக் கிடந்த காலமோ, ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் மடை திறக்க வேண்டுமென்றால் கண்மாயின் அடிவரை மூழ்கி மடைக்கல்லைத் தூக்க வேண்டும். தூக்கியவர் தலையில் கரம்பை மண் ஒட்டாமல் இருக்காது. வெள்ளிதோறும் பெண்கள் தலைக்குத் தேய்த்துக் குளிப்பதும் அதே கரம்பைதான்.

நெல் பால்பிடிக்கும் நேரம். ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால், யாரோ மடையைத் திறந்துவிட்டிருந்தார்கள். கண்மாய் வற்றிக் கிடந்தது. மத்தியானமே ஊர்த்தலைவர் அம்பலகாரர் முன் ஊர் கூடியது. கண்மாய்க் காவல் ஒச்சப்பன், கூட்டத்தில் நின்ற சிலம்பாயியைக் கைகாட்டினான்.

“மடையைத் தூக்குன ஆள் தலையில கரம்பை இருக்கும். இந்தா பாருங்க, இவ தலையில கரம்பை. அப்ப இவதான்!”

சிலம்பாயி தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். இடுப்பில் பால்குடி மறக்காத பிள்ளை.

அவ்வூர் வழக்கம் பொல்லாதது. குற்றம் சுமந்தவருக்காக மூன்று பேர் பேசலாம். அதில் ஒரு பேச்சைத்தான் அவர் எடுத்துக்கொள்ளலாம். சாட்டியவன் நியாயம் எங்கே முறிந்தது என்று அந்தப் பேச்சு சரியாகச் சொன்னால் விடுதலை. தவறினால் பொழுது சாய்வதற்குள் ஊரை விட்டுப் போக வேண்டும்.

அண்ணன் அழகுமலை முதலில் எழுந்தான். “வரப்புத் தகராறுல எந்தங்கச்சி மேல இவனுக்கு ரெண்டு வருசப் பகை. அதான் பழி போடுறான்!” ஊருக்கே தெரிந்த உண்மை.

ஏடு படித்த மாசிலாமணி தொண்டையைச் செருமினார். “நான் செய்யலைன்னு இவ நிரூபிக்கல, அதனால இவதான் செஞ்சாங்குறான் ஒச்சப்பன். அது பெருந்தப்பு.” கூட்டம் தலையாட்டியது.

மூன்றாவதாக எழுந்தவள் நாத்தனார் பேச்சி. சிலம்பாயியோடு முகங்கொடுத்துப் பேசாதவள்.

“இவ நல்லவன்னு நான் சொல்ல வரல,” என்றாள் பேச்சி. “தூக்குன தலையில கரம்பை இருக்கும், சரி. கரம்பை இருக்குற தலையெல்லாம் மடையைத் தூக்குன தலையா? என் தலையிலயுந்தான் இருக்கு. மோந்து பாக்குறியா, ஒச்சப்பண்ணே?”

சிரிப்பு எழுந்து, அம்பலகாரர் கைத்தடி தட்டியதும் அடங்கியது. “யார் பேச்சு வேணும், தாயி? ஒண்ணுதான்.”

அண்ணன் கலங்கிய கண்ணோடு அவளையே பார்த்தான்.

சிலம்பாயி எடுக்க வேண்டியது யார் பேச்சை?

விடை: பேச்சியின் பேச்சை. அழகுமலை சொன்ன பகை மெய்தான். ஆனால் ஒச்சப்பன் நியாயம் அதன்மேல் நிற்கவில்லை, பகையாளி வாயிலும் சரியான நியாயம் வரலாம். மாசிலாமணி சொன்ன மாதிரி வாதிட்டால் அது தப்புதான். ஆனால் ஒச்சப்பன் அந்தத் தப்பைச் செய்யவே இல்லை. அவன் சொன்ன சொல்லையே பிடித்து, அது முறிந்த இடத்தைத் தொட்டவள் பேச்சி ஒருத்திதான். சிலம்பாயி அண்ணனைப் பார்க்காமல் நாத்தனார் பக்கம் கையை நீட்டினாள், பிழைத்தாள். ஊர் கலைந்தது. “எங்கோவம் அப்படியேதான் இருக்கு,” என்று பிள்ளையின் கன்னத்தை மட்டும் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு பேச்சியும் நடந்தாள்.