காட்டாத திரை

“என்னால முடியல சார். நாளையிலேர்ந்து நான் வரல.”

சௌந்தரவல்லி இதைச் சொன்னபோது, இம்மானுவேலின் கம்ப்யூட்டர் வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

பாடநூல் அச்சகம் ஒன்றில் பிழை திருத்திக்கொண்டிருந்தவள் அவள். அச்சகத்தை மூடிவிட்டார்கள். திரும்பவும் அண்ணன் வீட்டுக்குப் போய் நிற்கக் கூடாது என்றுதான், தன்னைவிட இளையவனான இம்மானுவேலிடம் புரோகிராம் எழுதப் படிக்க வந்திருந்தாள்.

திங்கட்கிழமை வேலைக்கான தேர்வு. இதுவரை ஒரு புரோகிராமைக்கூட அவள் நேரத்துக்குள் முடித்ததில்லை. நாலு எழுத்து அடிப்பாள், மூன்றை அழிப்பாள். எழுத்து திரையில் விழுந்ததுமே கண் பிழை தேடப் போய்விடுகிறது, எழுத வந்தது மறந்துபோகிறது என்றாள்.

இம்மானுவேல் அவளுடைய கீபோர்டை இழுத்து ஏதோ ஒரு கட்டளை அடித்தான். திரும்ப அவள் பக்கம் தள்ளினான்.

“எழுதுங்க.”

அடித்தாள். திரையில் ஒன்றும் வரவில்லை.

“கீபோர்டு வேலை செய்யல சார்.”

“செய்யுது. நீங்க அடிக்கிறது மெஷினுக்குப் போகுது. உங்களுக்குக் காட்டாது, அவ்வளவுதான்.”

“தப்பா அடிச்சா?”

“அது சொல்லும்.”

அன்றைய கணக்கில், கொடுத்த எண்களில் பெரியது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல் வரியை அடித்து என்டர் தட்டினாள். பிழை என்று வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடியும் பிழை.

அழிக்கப் போன விரல் பாதியில் நின்றது. எதை அழிப்பது?

எழுந்து போய்விடலாம் போலிருந்தது. அண்ணியின் முகம் நினைவுக்கு வந்தது. நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இந்த முறை உடனே அடிக்கவில்லை. வரி முழுவதையும், கடைசி அடைப்புக்குறி வரை, மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு நிற்காமல் அடித்தாள்.

பிழை வரவில்லை.

அடுத்த வரி. அதற்கடுத்தது. என்டர்.

திரையில் ஒரே ஓர் எண் வந்து நின்றது. சரியான எண்.

சாப்பிடப் போனவர்கள் பேசிக்கொண்டே படியேறி வந்தார்கள். எழுத்துகளை மறுபடி வரவைப்பதற்காக இம்மானுவேல் கை நீட்டினான்.

அவள் கீபோர்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

“அடுத்த கணக்கைச் சொல்லுங்க சார்.”