சும்மா இருந்த சித்திரக்காரர்

நெல்லிக்கோட்டையில் அம்பலவாணர் என்று ஒரு சித்திரக்காரர் இருந்தார். அரண்மனைச் சம்பளம் வேண்டாம், எனக்கு நானே எஜமான் என்று மார்தட்டுவார். எஜமானும் அவரே, வேலையாளும் அவரே. இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மதிப்பு கிடையாது, அவ்வளவுதான்.

காலையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கேட்டால், "உருவம் பிடிபடுகிறது" என்பார். மத்தியானம் கண்ணை மூடிப் படுத்திருப்பார். கேட்டால், "வண்ணம் யோசிக்கிறேன்" என்பார். வண்ணம் குறட்டை விடுமா என்று மனைவி வடிவாம்பாள் கேட்பாள். அவர் மறுபக்கம் புரண்டு படுத்துக்கொள்வார்.

அந்த வருஷம் பெரிய ஏரி தூர்ந்துபோயிற்று. ஊரில் சும்மா இருப்பவர்கள் எல்லாரும் ஆறு மாதம் மண் வெட்ட வேண்டும் என்று மகாராஜா தண்டோரா போடச் சொன்னார். திவான் சேஷகிரிக்கு அம்பலவாணர்மேல் பழைய கடுப்பு. தன் தொப்பையை இருக்கிறபடியே வரைந்துவைத்த மனிதரை யார்தான் மன்னிப்பார்? நேரே அவர் வீட்டுக்குச் சேவகரை அனுப்பினார்.

"அம்மா, ஐயா என்ன பண்றார்?"

"என்ன பண்றார்! சும்மாதான் இருக்கார்." வடிவாம்பாள் தினமும் சொல்வதைத்தான் சொன்னாள்.

அரை நாழிகையில் அம்பலவாணர் சபையில் நின்றார். தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். ஆறு மாதம் மண்வெட்டி பிடித்தால் அப்புறம் ஒரு புருவம்கூட நேராக வராது.

"மகாராஜா, சாட்சி விசாரிக்க வேண்டாமா?" என்றார். "நான் வரைஞ்சதுக்கு யாராவது ஒரு காசு கொடுத்ததுண்டான்னு சபையிலேயே கேளுங்க."

திவானுக்கு வாயெல்லாம் பல். ஆள் தன் குழியைத் தானே தோண்டுகிறாரே!

எண்ணெய் வியாபாரி முன்னே வந்தார். "கடைச் சுவத்துல யானை வரைஞ்சார். நாலு பேர் பார்ப்பாங்க, உமக்குப் பேர் வரும்னு சொன்னேன். சும்மாதான் வரைஞ்சார்."

வைத்தியர் எழுந்தார். "என் பொண்ணு கல்யாணப் பந்தலுக்கு நாலு அன்னம். தெரிஞ்சவர்கிட்ட காசா? சும்மாதான்."

தளபதி மீசையை முறுக்கினார். "கொடியில புலி. மொதல்ல பூனை மாதிரி இருந்துச்சு. ஏழு தடவை மாத்தச் சொன்னேன். ஏழு தடவையும் சும்மாதான்."

"திவானே, நீர்?" என்றார் மகாராஜா.

"என் படமும் சும்மாதான். பார்த்தீங்களா மகாராஜா? ஊரே சொல்லுது, சும்மா சும்மான்னு!"

மகாராஜா மெல்லக் கனைத்துக்கொண்டார். அந்தப்புரக் கதவில் அம்பலவாணர் வரைந்த மயில் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. "நீர் என்ன சொல்றீர் அம்பலவாணரே?"

"ஊர் சொல்றதுல தப்பே இல்ல மகாராஜா. ஒரு வார்த்தைதான் விட்டுப்போச்சு. நான் சும்மா இருக்கல, சும்மா வேலை செஞ்சுக்கிட்டு இருக்கேன்! சும்மா இருந்திருந்தா, இத்தனை பேருக்குச் சும்மா செய்ய எனக்கு ஏது நேரம்?"

மகாராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "நீர் ஏரிக்குப் போக வேண்டாம்! இனி இவரிடம் யாரும் சும்மா வேலை வாங்கக் கூடாது. இதைப் பெரிய பலகையில் அழகாக எழுதிக் கோட்டை வாசலில் மாட்டுங்கள்!"

"யார் எழுதறது மகாராஜா?" என்று முனகினார் திவான்.

"ஒரு பலகைதானே, நானே சும்மா எழுதித் தர்றேன்!" அம்பலவாணரின் வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

மகாராஜா தலையில் அடித்துக்கொண்டார். "பலகைக்கு நூறு பொன். இவர் கையில் கொடுக்காதீர்கள், நேரே அந்த அம்மாவிடம் கொடுங்கள். வீட்டுக்குப் போகிற வழியில் அதையும் யாருக்காவது சும்மா கொடுத்துவிடுவார்!"