நரிக்கு வாயில் வந்த சொல்

ஒரு காட்டில் கௌதாரி ஒன்று குஞ்சுகளோடு இருந்தது. எதையும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று அதற்கு எப்போதும் பயம். "ஒருவேளை" போடாமல் அது வாயைத் திறந்ததே இல்லை.

மழை பெய்து ஈசல் புறப்பட்டது. அந்தக் காலத்தில் பறவைகள் எல்லாம் குஞ்சுகளை ஒரே புதரில் விட்டு, ஒரு காவலை வைத்துவிட்டு இரை தேடப் போவது வழக்கம். யாரைக் காவல் வைக்கலாம் என்று மயில் கூட்டம் கூட்டியது.

முள்ளம்பன்றி தயங்கியபடி எழுந்தது. "நான் காவல் இருக்கிறேன். ஆனால் எனக்குப் பகலில் தூக்கம் வரும். பிள்ளைகளுக்கு முள் குத்தாமல் எப்படிப் படுப்பது என்றும் தெரியவில்லை" என்றது.

எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்து நரி வந்தது. "பெரியோர்களே, ஒவ்வொரு உருப்படிக்கும் நான் பொறுப்பு. இளசாக இருக்கும்போதே கவனிக்க வேண்டும். முற்றிவிட்டால் பிரயோஜனம் இல்லை."

"எவ்வளவு தெளிவான பேச்சு" என்று மயில் தோகையை விரித்தது.

கௌதாரி மெல்லத் தலையை நீட்டியது. "ஒருவேளை நான் தப்பாகச் சொல்கிறேனோ என்னவோ... நரியண்ணன் 'குஞ்சு' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே. வெள்ளரிக்காய் பறிக்க வந்தவர் மாதிரி அல்லவா பேசுகிறார்?"

"உனக்கு ஈசல் பறந்தாலும் இடி விழுந்த மாதிரிதான்" என்றது மயில். "ஒரு சொல்லுக்குப் போய் ஒரு நல்ல காவலை இழப்பதா?"

கௌதாரி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நேரே முள்ளம்பன்றியின் வளைக்குப் போனது.

"தூங்கிவிடுவேனே, அக்கா" என்றது முள்ளம்பன்றி.

"ஒருவேளை தூங்கினால்?"

"முள் தூங்காது."

குஞ்சுகளை உள்ளே விட்டு, கௌதாரியும் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது. அன்று அது ஈசல் தின்னவில்லை.

சாயங்காலம் பறவைகள் திரும்பி வந்தன. புதரில் பாதிக் குஞ்சுகளைக் காணோம். நரி மீசையைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் சேதாரம் ஆகிவிட்டது" என்றது.

"நாசூக்கான சொல்தான்" என்று முனகியபடியே மயில் தன் குஞ்சுகளைத் தேடியது.

நரி அங்கிருந்து மெதுவாக நழுவி வளைப் பக்கம் வந்தது. "கௌதாரியக்கா, இந்த முள்ளுக்குள் எதற்கு வீண் சிரமம்? வெளியே அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்."

கௌதாரி முள்ளம்பன்றியின் பின்னால் ஒதுங்கியது. வாய்வரை வந்த "ஒருவேளை"யை விழுங்கியது.

"அனுப்பமாட்டேன்" என்றது.

நீதி: ஒருவர் எவ்வளவு அழகாகப் பேசுகிறார் என்று பார்க்காதே, எந்தச் சொல் அவர் வாயில் தானாக வருகிறது என்று கவனி.