பட்டுக்குடைக்குக் கீழே ஒரு வெள்ளிச்செடி

குடிக்கிற மோரை மூன்று பேருக்குக் கொடுத்துச் சோதித்துவிட்டு, அந்த மூன்று பேரையும் சந்தேகப்படுகிற ராஜா ஒருவன் முன்னொரு காலத்தில் கரம்பை நாட்டை ஆண்டுவந்தான். இடும்பவர்மன் என்று பெயர்.

அவனுக்குப் பாலைவன நாட்டு ராஜா தொட்டியோடு ஒரு செடி அனுப்பினான். இடுப்பளவு புதர். இலையெல்லாம் வெள்ளியாக மின்னியது. ஊதா நிறத்தில் பூக்கும் என்றார்கள் கொண்டுவந்தவர்கள். அரண்மனை அதிகாரி தாண்டவராயருக்குத் தலைகால் புரியவில்லை. ராஜா வீட்டுச் செடிக்கு ராஜமரியாதை வேண்டாமா? நாள் முழுக்கப் பட்டுக்குடை பிடிக்க ஓர் ஆள், வேளைக்கு இரண்டு குடம் பன்னீர்.

“பாலைவனத்துச் செடிக்கு இம்புட்டுத் தண்ணியா சாமி?” என்று கேட்டாள் தோட்டக்காரி மாசாணி.

“நீ மண்ணைக் கிளறுகிற வேலையைப் பார்” என்றார் தாண்டவராயர்.

மூன்றே மாதத்தில் புதர் பச்சைப்பசேலென்று ஆகிவிட்டது. பூ ஒன்றுகூட இல்லை.

“என் வெள்ளி எங்கே?” என்று சபையோடு தோட்டத்துக்கு வந்த ராஜா உறுமினான்.

“தினமும் செடியைத் தொடுகிறவள் இவள் ஒருத்திதான், மகாராஜா. சுரண்டி விற்றிருப்பாள்” என்றார் தாண்டவராயர்.

“நானும் அப்படித்தான் நினைத்தேன். நாளைக் காலையில் இவள் கையை வெட்டுங்கள்!”

மாசாணியின் அந்தக் கையை நம்பி வீட்டில் இரண்டு பிள்ளைகள். கண்ணீரோடு செடியைப் பார்த்தாள். குடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு கிளை மட்டும் இன்னும் வெளுப்பாகவே இருந்தது. அது மட்டும் ஏன் அப்படி? சந்தேகப்படுவது ராஜாக்களுக்கு மட்டுமே சொந்தமா என்ன?

“திருடுனது நான் இல்லை மகாராசா, இந்தச் செடிதான்” என்றாள். சபை சிரித்தது. “வெள்ளியை இதுதான் ஒளிச்சு வெச்சிருக்கு. திருடனுக்குத் தர்ற தண்டனையை இதுக்குத் தாங்க. ஊருக்கு வெளியே கல்லாங்காட்டுல வையுங்க. குடை கூடாது. வாரத்துக்கு ஒரு செம்புத் தண்ணி போதும். ரெண்டு மாசத்துல திருப்பித் தரலைன்னா என் ரெண்டு கையையும் எடுத்துக்குங்க.”

இதில் ஏதோ சூது இருக்கிறதென்று ராஜாவுக்குப் பட்டது. ஆனாலும் சம்மதித்து, செடியைக் கல்லாங்காட்டுக்கு அனுப்பி, அதற்கு நான்கு காவலர்களைப் போட்டான். அவர்களைக் கண்காணிக்க இன்னும் நான்கு பேரைப் போட்டான்.

முதல் மாதம் பச்சை இலைகள் உதிர்ந்தன. மாசாணிக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் மாதம் துளிர்த்ததெல்லாம் வெள்ளியாகத் துளிர்த்தது. வானம் கறுத்துக் காற்றில் ஈரம் ஏறிய ஒரு நாள், புதர் முழுக்க ஊதாப் பூவாகிவிட்டது.

ராஜாவே குடையும் பரிவாரமுமாக வந்து சேர்ந்தான். “சுண்ணாம்பு பூசினாயா?”

“காவல் உங்களுது மகாராசா. நீங்களே தேய்ச்சுப் பாருங்க.”

வழக்கம்போல முதலில் தாண்டவராயரைத் தேய்க்கச் சொன்னான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தபிறகு தானும் தேய்த்தான். விரலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டிக்கொண்டது. பஞ்சுக்கு அடியில் இலை பச்சையாகத் தெரிந்தது.

“இது வெள்ளி இல்லை மகாராசா, மெல்லிசான முடி. எருக்கு இலையிலயும் இந்த மாதிரி இருக்கும். வெயில் சுடாம, ஈரம் வத்தாம இருக்கச் செடி தனக்குத்தானே பிடிச்சுக்கிற குடை. நாம குடை பிடிச்சோம். அது தன் குடையை மடக்கிருச்சு.”

ராஜா மெதுவாகத் தாண்டவராயர் பக்கம் திரும்பினான். “குடை பிடிக்கச் சொன்னது யார்?”

தாண்டவராயர் மெல்ல ராஜாவின் குடை நிழலுக்குள் ஒதுங்கினார்.

“இனிமேல் தோட்டத்தில் மாசாணி வைத்ததுதான் சட்டம். தாண்டவராயரே, நீரும் இருபது வருஷமாக என் நிழலிலேயே நிற்கிறீர். இந்தக் கல்லாங்காட்டில் இரண்டு மாதம் நில்லும். உமக்கு என்ன துளிர்க்கிறது என்று பார்ப்போம்.”

மாசாணி தன் இரண்டு கைகளையும் பார்த்து அழுதாள், பிறகு சிரித்தாள்.

புறப்பட்ட ராஜா நாலடி நடந்ததும் நின்றான். பிறந்த நாள் முதல் தன் தலைக்கு மேலேயே இருக்கிற வெண்கொற்றக்குடையை அண்ணாந்து பார்த்தான். முதல்முறையாக அதன்மேலும் அவனுக்குச் சந்தேகம் வந்தது.