எந்த அம்மாவிடம் கையெழுத்து?

தேரிவிளைப் பள்ளியில் தலைமையாசிரியர் தங்கதுரை வைத்ததுதான் சட்டம். ‘என் அம்மா’ கட்டுரையை அவரே கரும்பலகையில் எழுதிப் போட்டார். “என் அம்மா தினமும் என்னை எழுப்பி, பள்ளிக்கு அனுப்பிவைப்பார்” என்று அது தொடங்கியது.

“ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. நாளைக்கு அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரணும். வாங்காதவங்க வெளியே நிக்கணும்” என்றார்.

ஐந்தாம் வகுப்பு ஜெர்லினின் அம்மா வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் மெதுவாக எழுந்தாள்.

“சார், எந்த அம்மாகிட்ட வாங்கணும்?”

“உனக்கு எத்தனை அம்மா?”

“ரெண்டு பேர் சார். ஒருத்தங்க குவைத்துல இருக்காங்க. இன்னொருத்தங்களை நீங்கதான் போர்டுல எழுதினீங்க. அவங்க வீடு எங்கன்னு சொன்னா, இப்பவே ஓடிப்போய்ப் பார்த்துட்டு வந்துருவேன்.”

தங்கதுரை டஸ்டரை எடுத்து எல்லாவற்றையும் அழித்தார்.

“அவங்கவங்க அம்மாவை அவங்கவங்களே எழுதுங்க.”

மணி அடித்தும் ஜெர்லின் எழுந்திருக்கவில்லை.

“என் அம்மா வெள்ளிக்கிழமை மட்டும் போனில் பேசுவார். மற்ற நாள்களில் நான் அம்மா குரலில் பேசிக்கொண்டே தங்கைக்குத் தலை வாரிவிடுவேன். அப்போது அவள் திரும்பிப் பார்க்கவே மாட்டாள்” என்று எழுதிக்கொண்டிருந்தாள்.