பத்து எண்ணும் வரை

ஏழூர்மலையில் கண்ணாத்தாள் என்று ஒரு குரு இருந்தார். வயது நாற்பதுகூட இல்லை. அவருடைய சீடர் சென்றாயனுக்கோ அறுபது தாண்டிவிட்டது. மலையேறினால் முட்டி பிடித்துக்கொள்ளும். ஆனாலும் மூன்று வருடமாக ஒருநாள் தவறாமல் வந்தார்.

காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் வன அதிகாரி ஒருவர் மலையூர்களைச் சுற்றிப் பிடித்த படங்கள் ஆயிரக்கணக்கில், பிரிக்காத கட்டுகளாகக் குருவின் பொறுப்பில் இருந்தன. தினை அறுக்கிறவர்கள், தேன் எடுக்கிறவர்கள், வாசலில் விறைத்து நிற்கும் குடும்பங்கள். சென்றாயனைப் பெற்றவள் அவருக்கு ஒரு வயது ஆகுமுன்னே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் எப்படி இருப்பாள் என்று சொல்ல இப்போது யாருமில்லை. அவள் படமும் அதில் இருக்குமோ என்று தினமும் ஒரு கட்டாகப் பிரித்துத் தேடினார்.

ஒருநாள் அவள் படம் கிடைத்தது. பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: ‘பொன்னி. மகன் சென்றாயன், ஏழு மாதம்.’

சென்றாயன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சேலை தெரிந்தது. கைவளை தெரிந்தது. கழுத்துக்கு மேலே வெறும் புகை.

“எல்லார் மூஞ்சியும் பளிச்சுனு இருக்கு. எங்கம்மாவுக்கு மட்டும் ஏம்மா இப்படி?”

“அன்னிக்கு மூடுபனியாம், அண்ணே. வெளிச்சம் பத்தல. பத்து எண்ணுற வரைக்கும் அசையாம நிக்கச் சொல்லியிருக்காரு. அசைஞ்சா கலைஞ்சுபோகும்.”

“பத்து எண்ணுற நேரம் சும்மா நிக்க முடியலையா அவளால?” சென்றாயன் படத்தைக் கீழே வைத்தார். “ஒரு தடவ. ஒரே ஒரு தடவ அவ மூஞ்சியப் பார்த்திருந்தா போதும்னு வந்தேன்.”

குரு எழுந்தார். வெளியே போய், பிறந்து நாலு நாளான ஆட்டுக்குட்டியைத் தூக்கிவந்து அவர் மடியில் போட்டார்.

“இது அசையக் கூடாது. நான் எண்ணுறேன்.”

“நல்ல வேலை குடுத்தீங்க!”

“ஒண்ணு.”

குட்டி உதைத்தது. சென்றாயன் காலைப் பிடித்தார், தலையைத் திருப்பியது. தலையைப் பிடித்தார், கத்தியது.

“மூணு.”

“அடச்சே, இருடா ராசா!” குனிந்து முகத்துக்கு நேராக நாக்கைச் சொடுக்கினார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். புருவத்தைத் தூக்கினார், கன்னத்தை உப்பினார். இதென்ன பிராணி என்பதுபோல் குட்டி அவரையே உற்றுப் பார்த்தது.

“பத்து. குட்டி அசைஞ்சுதா?”

“மொதல்ல துள்ளுச்சு. அப்புறம் அசையவேயில்ல,” என்றார் சென்றாயன் பெருமையாக.

“நீங்க?”

சென்றாயன் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“அந்தப் படத்த எடுங்க. கொழந்த எப்படி இருக்கு?”

இத்தனை நேரம் அவர் குழந்தையைப் பார்க்கவே இல்லை. காதோரத்துப் பூனைமயிர்கூடத் தெரிந்தது. வழியும் எச்சில்கூடத் தெரிந்தது.

“தெளிவா இருக்கு.”

“எங்க பார்க்குது?”

“மேல.” அவர் விரல் அந்தப் புகையில் போய் நின்றது. “அவ மூஞ்சிய.”

குரு ஆட்டுக்குட்டியை வாங்கிக்கொண்டார்.

“பார்த்ததே இல்லைன்னுல்ல மூணு வருசமாச் சொல்லிட்டிருக்கீங்க?”